இயற்பியல் கோட்பாடுகளின் சார்பு வரைபடம்: எது எதன் மேல் நிற்கிறது என்று வரைவது எப்படி

நியூட்டனுக்கு ஒரு பெட்டி, மேக்ஸ்வெல்லுக்கு ஒரு பெட்டி, ஐன்ஸ்டீனுக்கு இரண்டு, நடுவில் குவாண்டம், எல்லாவற்றுக்கும் இடையே அம்புகள். இயற்பியல் படித்த பலரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறையாவது இப்படி ஒரு படம் போட்டிருப்பார்கள். படம் அழகாகத்தான் வரும். ஆனால் ஏதாவது ஓர் அம்பின் மேல் விரலை வைத்து "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டால் பதில் தடுமாறும். சிறப்புச் சார்பியலுக்கும் பொதுச் சார்பியலுக்கும் இடையில் ஓர் அம்பு இருக்கிறது. 1905க்குப் பிறகு 1915 வந்தது என்கிறதா? முன்னது இல்லாமல் பின்னது நிற்காது என்கிறதா? பின்னதில் ஈர்ப்பை அணைத்துவிட்டால் முன்னது கிடைக்கும் என்கிறதா? மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் வேறு வேறு உண்மை, அதிலும் மூன்றாவது எதிர்த்திசையில் ஓடுகிறது.

ஆகவே இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வகை வேண்டும், முடிந்தவரை ஓர் எண்ணும் வேண்டும். இரண்டும் இல்லாத அம்பு வெறும் அலங்காரம். முழு எடுத்துக்காட்டாகச் சந்திரசேகர் எல்லையை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனான வெண்குறுமீன் ஒன்று தாங்கக்கூடிய மிக அதிக நிறை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. குவாண்டம், சார்பியல், ஈர்ப்பு மூன்றும் அதில் கைகோக்கின்றன. கணக்கு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதைச் சுற்றி நடந்த புகழ்பெற்ற சண்டையே ஓர் அம்பைப் பற்றியதுதான்.

என்ன வேண்டும்

அஞ்சலட்டை அளவில் இருபது அட்டைகள், ஏ2 தாள் ஒன்று, கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு பேனாக்கள், ஒரு பென்சில். கணினியில் செய்வதென்றால் கிராஃப்விஸ் போதும். ஒரு வரிக்கு ஓர் அம்பு என எழுத்துக்கோப்பாக எழுதிக் கொடுத்தால் படத்தை அதுவே அடுக்கித் தரும். ஆனாலும் முதல் படத்தைத் தாளில் போடுங்கள். அட்டையைக் கையால் நகர்த்தும்போதுதான் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்ற கேள்வி எழும். இளநிலை இயற்பியல் பாடமும், பத்தின் அடுக்குகளைக் கூசாமல் பெருக்கும் பழக்கமும் இருந்தால் இறங்கிவிடலாம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

இயற்பியல் முழுவதையும் வரையப் புறப்பட்டால் பாடப்புத்தகத்தின் பொருளடக்கம்தான் மறுபடி வரும். அதனால் ஒரே ஒரு முடிவை எடுங்கள்: ஜிபிஎஸ் கடிகாரத் திருத்தம், தங்கத்தின் மஞ்சள் நிறம், புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவது, வெண்குறுமீனின் நிறை எல்லை. அந்த முடிவைத் தாளின் அடியில் வைத்து மேல்நோக்கிப் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த வரியை எழுத எனக்கு வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்?"

மேலிருந்து கீழே இறங்கினால் தேவையில்லாத அட்டைகள் வந்து சேரும். கீழிருந்து ஏறினால் தேவைப்பட்டது மட்டுமே வரும்.

படி 2: பெரிய பெட்டிகளை உடையுங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான், இங்கே அவசரப்பட வேண்டாம். "குவாண்டம் இயக்கவியல்" என்று ஓர் அட்டை போட்டால் அது எல்லாவற்றையும் தாங்குவதுபோலத் தெரியும், படம் எதையும் சொல்லாது. வெண்குறுமீனுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடு வேண்டியதில்லை. ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களும் வேண்டியதில்லை. உண்மையில் வேண்டியவை இவ்வளவுதான்:

அட்டை 1: இடமும் உந்தமும் சேர்ந்த வெளியில், பிளாங்க் மாறிலியின் கன அளவுள்ள ஓர் அறையே ஒரு நிலை.
அட்டை 2: பௌலி தவிர்ப்புத் தத்துவம், 1925. ஓர் அறையில் எதிரெதிர்த் தற்சுழற்சியுள்ள இரண்டே எலக்ட்ரான்கள்.
அட்டை 3: ஃபெர்மி–டிராக் புள்ளியியல், 1926. வெப்பநிலையைப் பூஜ்யமாக வைக்கலாம் என்ற தோராயத்தோடு.
அட்டை 4: ஆற்றலுக்கும் உந்தத்துக்குமான சார்பியல் தொடர்பு. சிறப்புச் சார்பியலில் நமக்குத் தேவைப்படும் துண்டு இது மட்டுமே.
அட்டை 5: நியூட்டனின் ஈர்ப்பு விதி.
அட்டை 6: ஒவ்வோர் ஆழத்திலும் மேலே உள்ள பொருளின் எடையை அழுத்தம் தாங்குகிறது என்ற சமநிலை.
அட்டை 7: அந்தச் சமநிலையைக் கோளத்துக்குத் தீர்க்கும் லேன்–எம்டன் சமன்பாடு.
அட்டை 8: உள்ளீடு. ஓர் எலக்ட்ரானுக்கு எத்தனை அணுக்கருத் துகள்கள்? ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் என்றால் 2.
அட்டை 9: முடிவு.

ஒவ்வோர் அட்டையிலும் பெயரும் ஆண்டும் தவிர நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் தருகிறது, எந்த மாறிலிகள் வருகின்றன, எந்த வரம்புக்குள் செல்லும். கடைசியில் உள்ள வரம்பைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். அட்டை 3இல் அது இப்படி இருக்கும்: உள்வெப்பநிலை ஒரு கோடி கெல்வின் என்றால் வெப்ப ஆற்றல் சுமார் 0.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு டன் என்ற அடர்த்தியில் எலக்ட்ரான்களின் உச்ச இயக்க ஆற்றல் சுமார் 210 கிலோ எலக்ட்ரான்வோல்ட். விகிதம் 0.004. கோடி டிகிரியைப் பூஜ்யம் என்று வைக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது.

படி 3: அம்புகளுக்கு நிறம் கொடுங்கள்

திசையை முதலில் முடிவு செய்யுங்கள்: தாங்குவதிலிருந்து தாங்கப்படுவதை நோக்கி. நடுவில் மாற்றக் கூடாது.

கறுப்பு என்றால் அடிப்படை. இது இல்லாமல் அதை எழுதவே முடியாது. பௌலி தத்துவத்திலிருந்து ஃபெர்மி–டிராக் புள்ளியியலுக்குப் போவது கறுப்பு.

நீலம் என்றால் எல்லை. பெரிய கோட்பாட்டில் ஓர் அளவை மிகச் சிறியதாக்கினால் சிறிய கோட்பாடு கிடைக்கும். பொதுச் சார்பியலிலிருந்து நியூட்டன் ஈர்ப்புக்கு நீலம். நீல அம்பின் மேல் எந்த அளவு சிறியதாகிறது என்று எழுதியே ஆக வேண்டும்.

பச்சை என்றால் திரட்டல். நுண்விவரத்தை மறைத்துவிட்டு மேலோட்டமான விதியை எடுப்பது. 1930களில் ஃபெர்மி எழுதிய பீட்டா சிதைவுக் கோட்பாடு இதற்கு நல்ல உதாரணம். அதில் நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இன்று தெரிவது என்னவென்றால், அந்தப் புள்ளிக்குள் மெல்விசையைக் கடத்தும், 80.4 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள டபிள்யூ துகள் ஒளிந்திருக்கிறது. நியூட்ரான் சிதைவில் வெளிப்படும் ஆற்றல் 0.78 மெகா எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. இரண்டின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 10⁻¹⁰. இந்த எண்தான் அந்தப் பச்சை அம்பின் உறுதிச் சான்று. ஃபெர்மி தன் காலத்தில் டபிள்யூவைப் பற்றி எதுவும் தெரியாமலே சரியாகக் கணக்குப் போட முடிந்ததும் இதனால்தான்.

சிவப்பு என்றால் அளவீடு. கோட்பாடு நிற்பதற்கு இது தேவையில்லை, அதன் எண்ணை அளப்பதற்குத் தேவை. 2019 முதல் கிலோகிராம் என்ற அலகே பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கப்படுகிறது. அதை நடைமுறைப்படுத்தும் கிபிள் தராசில் மின்னழுத்தத்தை ஜோசஃப்சன் விளைவாலும், மின்தடையைக் குவாண்டம் ஹால் விளைவாலும் அளக்கிறார்கள். நியூட்டன் விதியில் வரும் "நிறை" இன்று குவாண்டம் திண்மப் பொருள் இயற்பியலைச் சாய்ந்துகொண்டுதான் அளக்கப்படுகிறது. இதைக் கறுப்பில் வரைந்தால் நியூட்டனிலிருந்து குவாண்டத்துக்கும், குவாண்டத்திலிருந்து நியூட்டனுக்குமாக ஒரு வளையம் வந்து "எல்லாமே சுற்றுவாதம்" என்று தோன்றும். சிவப்பில் வரைந்தால் குழப்பமே இல்லை.

பென்சில் புள்ளிக்கோடு ஊகங்களுக்கு. ஈர்ப்புள்ள கோட்பாடு ஒன்றும் ஈர்ப்பில்லாத புலக் கோட்பாடு ஒன்றும் ஒன்றே என்று 1997இல் மால்டசேனா முன்வைத்த இருமைத் தொடர்பு, கரும்பொருள் துகள், பேரண்டத்தின் தொடக்க வீக்கம் எல்லாம் இப்போதைக்குப் பென்சில்தான்.

வரலாற்றுக்கு நிறம் இல்லை. ஆண்டு அட்டையில் இருக்கிறது, அது போதும். "இவர் அவரைப் படித்துவிட்டு எழுதினார்" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் சுவர் எதன் மேல் நிற்கிறது என்று அது சொல்லாது.

படி 4: ஒவ்வொரு நீல அம்புக்கும் எண் போடுங்கள்

மூன்று தூய எண்கள் பெரும்பாலான இடங்களில் போதும். வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தது ஒன்று. அமைப்பின் செயல் அளவை (ஆற்றல் பெருக்கல் காலம்) சுருங்கிய பிளாங்க் மாறிலியால் வகுத்தது மற்றொன்று. ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கி, ஆரத்தாலும் ஒளிவேக வர்க்கத்தாலும் வகுத்தது மூன்றாவது. அதை "ஈர்ப்பு எண்" என்று வைத்துக்கொள்வோம்.

ஈர்ப்பு எண் பூமியின் மேற்பரப்பில் 7×10⁻¹⁰, சூரியனின் மேற்பரப்பில் 2×10⁻⁶, ஒரு சூரிய நிறையும் 6,000 கிலோமீட்டர் ஆரமும் உள்ள வெண்குறுமீனில் 2.5×10⁻⁴. 1.4 சூரிய நிறையும் 12 கிலோமீட்டர் ஆரமும் உள்ள நியூட்ரான் விண்மீனில் 0.17. இந்த நான்கு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும்.

வேக எண்ணுக்கு அணுக்கள் நல்ல பயிற்சி. ஹைட்ரஜன் எலக்ட்ரானுக்கு அது 1/137, வர்க்கம் 5×10⁻⁵. அதனால் சார்பியல் அங்கே நிறமாலைக் கோடுகளின் நுண்பிளவாக மட்டும் தலைகாட்டுகிறது. தங்கத்தின் அணு எண் 79. உட்கூட்டு எலக்ட்ரான்களுக்கு 79/137, அதாவது 0.58. இப்போது சார்பியல் சிறு திருத்தமாக அடங்காது, உலோகத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது.

சிறிய எண் என்றவுடன் அம்பை அழித்துவிடாதீர்கள். முடிவு எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதோடு ஒப்பிட்டுத்தான் சிறியது, பெரியது. பூமிக்கு அருகில் ஈர்ப்பு எண் 10⁻⁹க்கும் குறைவு. ஆனாலும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் பொதுச் சார்பியலால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது, வேகத்தால் சுமார் 7 மைக்ரோ விநாடி பிந்துகிறது. மீதி 38. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். மீட்டர் கணக்கில் இடம் சொல்ல வேண்டிய கருவிக்கு அது பெரிய எண்.

ஒளிவேகம், பிளாங்க் மாறிலி, ஈர்ப்பு மாறிலி மூன்றையும் மூன்று அச்சுகளாக வைத்து ஒரு கனசதுரமாகக் கோட்பாடுகளை அடுக்கும் யோசனை பழையது. காமாவ், இவானென்கோ, லாண்டாவ் மூவரும் 1928இல் இதைத் தொட்டார்கள். பிரான்ஸ்டைன் 1933இல் வரைபடமாக்கினார். எட்டு மூலைகளில் ஒன்று நியூட்டன் இயக்கவியல், எதிர்மூலை குவாண்டம் ஈர்ப்பு. தொடங்க நல்ல சட்டகம்தான். ஆனால் வெப்ப இயக்கவியலுக்கு அதில் இடமே இல்லை, அணுக்கரு விசைகளுக்கும் இல்லை. இதைவிடப் பெரிய கோளாறு அடுத்த படியில் தெரியும்.

படி 5: முழுக் கணக்கையும் ஒருமுறை ஓட்டுங்கள்

ஆரம் மாறக்கூடிய ஒரு கோளத்துக்குள் பெரும் எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள். அட்டை 1, 2 இரண்டும் சேர்ந்து, ஒவ்வோர் எலக்ட்ரானும் தனக்கென ஒரு மூலை பிடித்தாக வேண்டும் என்கின்றன. மூலையின் அகலம், ஆரத்தை எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுத்தது. இடம் குறுகக் குறுக உந்தம் ஏறும். உந்தம், சுருங்கிய பிளாங்க் மாறிலியை அந்த அகலத்தால் வகுத்தது. அட்டை 4இன்படி, எலக்ட்ரான் ஒளிவேகத்தை நெருங்கும்போது ஆற்றல் என்பது உந்தம் பெருக்கல் ஒளிவேகம். ஆக, எலக்ட்ரானின் ஆற்றல் ஆரத்துக்கு எதிர்விகிதம்.

அட்டை 5க்கு வாருங்கள். ஓர் அணுக்கருத் துகளின் ஈர்ப்பாற்றல் என்பது ஈர்ப்பு மாறிலி, எண்ணிக்கை, புரோட்டான் நிறையின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி ஆரத்தால் வகுத்தது. இதுவும் ஆரத்துக்கு எதிர்விகிதம்!

இங்கே சற்று நில்லுங்கள். இரண்டு பக்கமும் ஆரத்தை ஒரே மாதிரி சார்ந்திருப்பதால் ஆரம் அடிபட்டுப் போகிறது. கோளம் சுருங்கினாலும் விரிந்தாலும் சமநிலையைத் தீர்மானிப்பது எண்ணிக்கை மட்டுமே. சமன்படுத்தினால் எண்ணிக்கை கிடைக்கும்: சுருங்கிய பிளாங்க் மாறிலி பெருக்கல் ஒளிவேகம், அதை ஈர்ப்பு மாறிலியாலும் புரோட்டான் நிறை வர்க்கத்தாலும் வகுத்து, ஒன்றரை அடுக்குக்கு உயர்த்த வேண்டும். வகுத்தால் வருவது 1.7×10³⁸. ஒன்றரை அடுக்கு 2.2×10⁵⁷. புரோட்டான் நிறையால் பெருக்கினால் 3.7×10³⁰ கிலோகிராம், 1.85 சூரியன். லேன்–எம்டன் சமன்பாட்டை வைத்து முறையாகச் செய்தால் 5.8 சூரிய நிறையை அட்டை 8இன் எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2 என்றால் வர்க்கம் 4, விடை சுமார் 1.45. தோராயக் கணக்கே இவ்வளவு அருகில் வந்தது, நாம் போட்ட கறுப்பு அம்புகள் சரி என்பதற்குச் சான்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர், 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பல் பயணத்தில், 19 வயதில், இந்த முடிச்சை அவிழ்த்தார். 1931இல் அவர் வெளியிட்ட எண் 0.91. காரணம், விண்மீனின் சேர்க்கை அப்போது சரியாகத் தெரியாததால் அட்டை 8இல் 2.5 போட்டிருந்தார். கோட்பாட்டு அம்பு எதுவும் பிறகு மாறவில்லை, உள்ளீட்டு அட்டையின் எண் மட்டும் திருந்தியது. உள்ளீடுகளைத் தனி அட்டையாக வையுங்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். கோட்பாட்டுக்குள் புதைத்துவிட்டால், எண் தவறியபோது கோட்பாட்டையே சந்தேகிப்போம்.

இப்போது கனசதுரத்தின் கோளாறு. விடையில் மூன்று மாறிலிகளும் இருக்கின்றன. கனசதுரத்தின்படி இது குவாண்டம் ஈர்ப்பு மூலையில் உட்கார வேண்டும். ஆனால் இதில் ஈர்ப்பு நியூட்டனுடையது, குவாண்டம் எலக்ட்ரான்களுக்கு மட்டும், சார்பியல் அவற்றின் ஆற்றலுக்கு மட்டும். மூன்றும் தனித்தனி அட்டைகளிலிருந்து வந்து கடைசி வரியில்தான் சந்திக்கின்றன. 1974இல் ஹாக்கிங் கணித்த கருந்துளைக் கதிர்வீச்சும் இப்படித்தான். வளைந்த வெளியில் குவாண்டம் புலம் என்ற இடைநிலை அட்டை போதும். மாறிலிகளை எண்ணிப் பார்த்துச் சார்பைச் சொல்லாதீர்கள், அம்புகளைப் பின்தொடர்ந்து சொல்லுங்கள்.

படி 6: அட்டையைப் பிடுங்கிப் பாருங்கள்

வரைந்த படம் சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வோர் அட்டையையும் எடுத்துவிட்டு முடிவு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

பௌலியை எடுத்தால், குளிர்ந்த விண்மீனில் எடையைத் தாங்கும் இந்த அழுத்தமே இல்லை. எல்லாம் விழும். அட்டை 4ஐ எடுத்துப் பழைய இயக்க ஆற்றலைப் போட்டால் நடப்பது இன்னும் சுவையானது: எலக்ட்ரான் ஆற்றல் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகும், எந்த நிறைக்கும் ஒரு சமநிலை ஆரம் கிடைத்துவிடும், எல்லை காணாமல் போகும். 1926இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஃபௌலர் நின்ற இடம் அதுதான். வெண்குறுமீன் இருக்க முடியும் என்பதற்குச் சார்பியல் வேண்டாம், அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு வேண்டும். ஒரே பொருளின் இரண்டு பண்புகள் வேறு வேறு அட்டைகளின் மேல் நிற்கின்றன. எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் இடையிலான மின்விசையைச் சேர்த்தாலோ விட்டாலோ சில சதவீதமே மாறும். அதை மெல்லிய கோடாகப் போடலாம்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் தாக்கியது அட்டை 4இன் அம்பைத்தான். சார்பியலையும் அன்றைய குவாண்டம் புள்ளியியலையும் இப்படி ஒட்டவைப்பது முறையல்ல, பழைய அழுத்த வாய்ப்பாடே எங்கும் செல்லும் என்பது அவர் வாதம். பௌலி, நீல்ஸ் போர் போன்றவர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகரே சரி என்றார்கள், வெளியில் பேசவில்லை. பையர்ல்ஸ் 1936இல் அந்த அழுத்த வாய்ப்பாட்டுக்குத் தெளிவான நிரூபணம் எழுதினார். பத்தொன்பது வயதில் கண்டதற்கு நோபல் பரிசு வந்தது 1983இல். ஓர் அம்பு கறுப்பா பென்சிலா என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை இதைவிட வேறெதுவும் காட்டாது.

பொதுச் சார்பியலைச் சேர்த்துப் பாருங்கள். ஈர்ப்பு எண் 2.5×10⁻⁴ என்பதால் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் சரி. ஆனால் எல்லைக்கு மிக அருகில் ஆரம் அடிபட்டுப் போகிறது, அதாவது விண்மீன் கத்தி முனையில் நிற்கிறது. அங்கே மிகச் சிறிய திருத்தமும் கவிழ்த்துவிடும். பொதுச் சார்பியல் தரும் இந்த நிலைகுலைவைச் சந்திரசேகரே 1964இல் விரிவாக எழுதினார். இரண்டு பெரிய அளவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம் உங்கள் படத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் சிறிய எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

வழக்கமாகத் தவறும் அம்புகள்

"தற்சுழற்சி சார்பியலிலிருந்து வருகிறது." டிராக்கின் 1928 சமன்பாடு எலக்ட்ரானின் காந்தக் காரணி 2 என்று தானாகத் தந்ததால் வந்த நம்பிக்கை இது. 1967இல் லெவி-லெப்லோன், சார்பியல் சாராத சமன்பாட்டையே முதல்வரிசை வடிவில் எழுதினால் அதே 2 வருகிறது என்று காட்டினார். ஆகவே சிறப்புச் சார்பியலிலிருந்து தற்சுழற்சிக்குக் கறுப்பு அம்பு கூடாது.

"ஒளிவேகத்தை முடிவிலியாக்கினால் மின்காந்தவியலின் பழைய வடிவம் வரும்." எது? லெ பெல்லாக்கும் லெவி-லெப்லோனும் 1973இல் காட்டியபடி இரண்டு எல்லைகள் இருக்கின்றன. மின்புலம் ஓங்கிய ஒன்று, காந்தப்புலம் ஓங்கிய ஒன்று. இரண்டு நீல அம்புகள், இரண்டு அட்டைகள்.

"ஈர்ப்பு பலவீனமானால் நியூட்டன் போதும்." வேகமும் குறைவாக இருக்க வேண்டும். சூரியனை உரசிப்போகும் ஒளிக்கு ஈர்ப்பு பலவீனம்தான், ஆனால் ஒளி மெதுவாகப் போவதில்லை. ஒளி வளையும் கோணம் நியூட்டன் வழியில் 0.87 விகலை, பொதுச் சார்பியலில் 1.75. 1919 கிரகணத்தில் அளந்தது இந்த இரண்டு மடங்கைத்தான். அந்த நீல அம்பின் மேல் இரண்டு நிபந்தனைகளையும் எழுதுங்கள்.

"புள்ளியியல் இயக்கவியலிலிருந்து வெப்ப இயக்கவியல் அப்படியே வரும்." பச்சை அம்புக்கு ஒற்றை வால் போதுவது அபூர்வம். 1872இல் போல்ட்ஸ்மேன் என்ட்ரோபி ஏறுவதைக் காட்டியபோது, மோதப்போகும் மூலக்கூறுகளின் வேகங்களுக்குள் முன்தொடர்பு இல்லை என்ற அனுமானத்தைச் சேர்த்தார். இயக்க விதிகள் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே செல்லும், காலத்துக்குத் திசை தந்தது அந்த அனுமானம். அதற்குத் தனி அட்டை வேண்டும்.

"பிளாங்க் மாறிலியைப் பூஜ்யமாக்கினால் குவாண்டம் மறைந்துவிடும்." குறுக்கீட்டுப் பட்டைகள் மறைவதில்லை, மேலும் மேலும் நெருங்கிக்கொண்டே போகும். கண்ணாலோ கருவியாலோ சராசரி எடுத்தால்தான் மறையும். ஆக இது நீலமும் பச்சையும் சேர்ந்த அம்பு.

கணினிக்கு ஏற்றும்போது

கிராஃப்விஸில் அட்டைகளுக்கு எண் கொடுத்து 2 -> 3, 4 -> 9 என்று வரிவரியாக எழுதுங்கள். அதோடு வரும் டிரெட் என்ற சிறு கருவி, சுற்றுவழியாக ஏற்கெனவே சொல்லப்பட்ட நேர் அம்புகளை நீக்கித் தரும். 2இலிருந்து 3, 3இலிருந்து 9 இருந்தால் 2இலிருந்து 9க்குத் தனி அம்பு எதற்கு? ஆனால் டிரெட் நிறம் பார்க்காது. கறுப்பு அம்புகளை மட்டும் தனிக் கோப்பில் வைத்து ஓட்டுங்கள். வளையம் இருந்தால் எச்சரிக்கும். கறுப்புக் கோப்பில் வளையம் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிவப்பு அம்பு கறுப்பு வேடத்தில் உள்ளே புகுந்திருக்கும், அல்லது ஓர் அட்டையை இன்னும் உடைக்க வேண்டியிருக்கும்.

சிவப்புக் கோப்பும் முக்கியம். ஈர்ப்பு மாறிலி ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அதனால் சூரியனின் நிறை கிலோகிராமில் அதே அளவுக்குத்தான் தெரியும். ஈர்ப்பு மாறிலியையும் சூரிய நிறையையும் பெருக்கிய தொகையோ கோள்களின் பாதையிலிருந்து இதைவிடப் பன்மடங்கு துல்லியமாகக் கிடைக்கிறது. விண்மீன் நிறைகளைக் கிலோகிராமில் எழுதாமல் சூரிய நிறையில் எழுதும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தச் சிவப்பு அம்பும் இருக்கிறது.

படம் பெரிதாகும்போது துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்ட் மாடலை ஒரே அட்டையாக வைக்காதீர்கள். மின்காந்தமும் மெல்விசையும் சேர்ந்த பகுதி, குவார்க்குகளைக் கட்டும் வன்விசைப் பகுதி, ஹிக்ஸ் என்று குறைந்தது மூன்றாக உடையுங்கள். அளந்து மட்டுமே போட வேண்டிய 19 எண்களுக்கு ஓர் உள்ளீட்டு அட்டை. 1998இல் ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே உணர்கருவி காட்டிய நியூட்ரினோ நிறை அந்த 19இல் சேராது, அதற்குத் தனி அட்டை போட்டு, மேலே போகும் வாலைப் பென்சிலில் விடுங்கள்.

அடுத்த படம்

முதல் படம் நின்றதும் நியூட்ரான் விண்மீனின் நிறை எல்லையை எடுங்கள். அட்டை 1, 2, 3, 4 அப்படியே இருக்கும், எலக்ட்ரானின் இடத்தில் நியூட்ரான். ஈர்ப்பு எண் 0.17 என்பதால் அட்டை 5, 6, 7 மூன்றையும் கழற்றிவிட்டுப் பொதுச் சார்பியலின் சமநிலைச் சமன்பாட்டை வையுங்கள். 1939இல் ஓபன்ஹைமரும் வோல்காஃபும் இவ்வளவோடு கணக்கிட்டார்கள், சுமார் 0.7 சூரிய நிறை வந்தது. இன்று 2 சூரிய நிறையை எட்டிய நியூட்ரான் விண்மீன்களை அளந்திருக்கிறார்கள். பிடுங்கிப் பார்க்கும் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: எந்த அட்டை இல்லாததால் 0.7 வந்தது? நியூட்ரான்கள் மிக நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளும் அணுக்கரு விசை. அந்த அட்டையை வைத்து, மேலே வன்விசைப் பகுதியிலிருந்து அதற்கு ஒரு பச்சை அம்பு இழுங்கள். அதன் மேல் எழுத வேண்டிய எண்ணைத் தேடும்போது, அவ்வளவு அடர்த்தியில் அந்தக் கணக்கை யாராலும் இன்னும் முழுதாகப் போட முடியவில்லை என்பது தெரியவரும். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வட்டமிட்டு வையுங்கள்.